வாசித்து விளங்கிக்கொண்டேன்

“ஆரின்ர மூட்டை இது?”

படகு முழுக்கக் கேட்டது அந்த இளைஞனின் குரல். ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

நயினாதீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் போகும் காலைப் படகு. ஐப்பசி மழை கூரையில் சடசடத்தது. நனைந்த சேலைகள், விபூதி, மல்லிகைப்பூ... அதற்கு நடுவே ஒரு நாற்றம். நண்டு நாற்றம்.

“அம்மாளைக் கும்பிட்டுட்டு வாற சனம் இருக்கிற இடத்தில, ஆர் பாருங்கோ இந்த வேலை பார்த்தது?” என்றார் ஒரு பெரியவர், சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

பைரவி குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள். மூட்டை அவளுடையதுதான். உள்ளே எட்டுக் கிலோ நண்டுக் கோது, சதை எடுத்த வெறும் ஓடு. நன்றாகக் காயவைத்துத்தான் கட்டினாள். மழை வந்து கெடுத்துவிட்டது.

சொல்லிவிடலாம். ஆனால் படகில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியும். கோயில் வாசலில் அர்ச்சனைத் தட்டு விற்கிற கைலாசபதியின் மகள். அவர்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் சமைப்பதே இல்லை. அந்த வீட்டுப் பிள்ளை நண்டுக் கோதோடு கோயில் படகில் ஏறினாள் என்றால்...

“ஒருத்தற்றையும் இல்லையோ? அப்ப சரி. கடலில போடுறன்.”

அவன் மூட்டையைத் தூக்கினான். படகின் ஓரத்துக்குப் போனான்.

“ஐயோ, போடாதேங்கோ! அது என்ர ஆராய்ச்சி!”

படகு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவனும் பார்த்தான். இமையில் மழைத்துளி நின்றது. அதற்குக் கீழே, சிரிப்பை அடக்கத் தெரியாத இரண்டு கண்கள்.

“ஆராய்ச்சியோ? ஆராய்ச்சி இப்பிடி நாறுமோ?”

“மழையில நனைஞ்சா எல்லாம் நாறும். நீங்களும்தான்.”

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது. காது சுட்டது. வாழ்க்கையில் அவள் ஓர் ஆணோடு பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

 மூட்டையைக் கொண்டுபோய் வெளியே, படகின் முனையில் வைத்தான். தானும் அதன் பக்கத்தில் இருந்தான். குறிகட்டுவான் வரும் வரை மழையில் நனைந்துகொண்டே இருந்தான். சனத்துக்கும் நாற்றமில்லை, அவளுக்கும் நட்டமில்லை.

இறங்குதுறையில் மூட்டையைக் கொடுத்துவிட்டுக் கேட்டான். “இதில என்ன ஆராய்ச்சி?”

அவள் ஒரே மூச்சில் சொன்னாள். “கோதிலிருந்து ஒரு தூள் எடுக்கிறன். அதைப் பனங்கள்ளைப் புளிக்கவைச்ச வினாகிரியில கரைக்கிறன். அதில முக்கியெடுத்த மீன், ஐஸில கூட நாள் நிக்கும்.”

“இதை வேற ஆரிட்டையாவது சொன்னனீரோ?”

“அடுத்த மாதம் ஆய்வரங்கில வாசிக்கப் போறன்.”

“வாசிக்காதேயும்! முதல்ல காப்புரிமைக்கு விண்ணப்பிக்கோணும். ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டுப் பிறகு என்ர கண்டுபிடிப்பு எண்டா ஆர் கேப்பினம்?”

“நீங்கள் ஆர் இதைச் சொல்ல?”

“மயூரநாதன். ஊர் நாரந்தனை. பல்கலைக்கழகத்தில ஆராய்ச்சியளைக் கம்பனியளோட சேர்த்துவைக்கிற அலுவலகம் இருக்கல்லோ... திங்கட்கிழமை அங்க வேலை தொடங்குறன். அதுக்குத்தான் அர்ச்சனை செய்ய வந்தனான்.” கொஞ்சம் நிறுத்தினான். “வாசல் கடையில தட்டு வாங்கினன். தேங்காய் உடைச்சா அழுகல். என்ன சகுனமோ தெரியேல்லை.”

“கண்ணாடி போட்ட ஐயாட்டையோ?”

“ஓம். தெரியுமோ?”

“என்ர அப்பா.”

அவன் வாயைத் திறந்தான்... மூடினான். பைரவி பஸ்ஸில் ஏறிவிட்டாள். வேலணை தாண்டும் வரை சிரித்தாள். யாருக்கும் தெரியாமல்.

வெள்ளிக்கிழமைகள் அப்படித்தான் தொடங்கின.

முதல் வெள்ளி அவன் ஒரு தடித்த கொப்பியோடு அவளது பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கு வந்தான். பக்கங்களுக்கு இலக்கம் அச்சடித்திருந்தது.

“செய்யிறதெல்லாம் இதில எழுதும். பேனையால. திகதி போட்டுக் கையெழுத்து வையும். பக்கத்தைக் கிழிக்க ஏலாது. பிழை விட்டா ஒரேயொரு கோடு. கீழ இருக்கிறது வாசிக்கத் தெரியோணும். பக்கத்தில பேரின்ர முதலெழுத்தும் திகதியும்.”

“இவ்வளவும் ஏன்?”

“நாளைக்கு ஒருத்தர் வந்து, இது நான் கண்டுபிடிச்சது எண்டா, இந்தக் கொப்பிதான் கதைக்கும். நீர் கதைக்க மாட்டீர் போல.”

அவள் முறைத்தாள். அவன் தொடர்ந்தான்.

“ஒவ்வொரு பக்கத்தின்ர அடியிலையும் சாட்சி வேணும். வேலையை விளங்கக்கூடிய ஆளா இருக்கோணும். ஆனா அதில அவருக்கு ஒரு தனிப்பட்ட நலனும் இருக்கக் கூடாது. அதுக்கு நான் வருவன்.”

வந்தான். ஒவ்வொரு வெள்ளியும் மூன்று மணிக்கு. கழுவுதொட்டிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து பக்கம் பக்கமாக வாசிப்பான். உண்மையாகவே வாசிப்பான். உதடு லேசாக அசையும்.

“கடை வினாகிரி ஏன் வேண்டாம்?”

“அதின்ர மணம் மீனில நிக்குது. பனங்கள்ளு வினாகிரி நிக்கேல்லை.”

“மச்சம் தின்னாத ஆள் நீர். உமக்கென்னெண்டு தெரியும்?”

“மேரிசுகந்தி அக்கான்ர மூக்கு.”

மேரிசுகந்தி மண்டைதீவில் மீன் வாங்கி விற்பவள். பைரவியின் மீன்களை அவள்தான் மணந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வாள். அந்த மூக்குக்கு மேல் கோர்ட் இல்லை.

அவன் சிரித்துவிட்டுப் பக்கத்தின் அடியில் எழுதுவான். வாசித்து விளங்கிக்கொண்டேன். கையெழுத்து. திகதி.

பைரவி சாமான்களை இரவல் வாங்கியாவது ஏதாவது சோதனை செய்து பக்கங்களைக் கூட்டினாள். வாசிக்கிற நேரம் கூடுமே... அவளை இதுவரை யாரும் இவ்வளவு கவனமாக வாசித்ததில்லை.

ஐந்தாவது வெள்ளி அவன் மூன்று மணிக்கு வரவில்லை.

ஆய்வுகூட யன்னலைத் திறந்தால் எதிரே பௌதிகவியல் துறை. அங்கே ஸ்ரீவாணி என்ற இளம் விரிவுரையாளர். கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று கைத்தொலைபேசிக்குச் சொல்கிற சின்னக் கருவி ஒன்று செய்திருந்தாள். கருவி நல்ல கருவி. ஸ்ரீவாணியின் தமிழும் நல்ல தமிழ், ஆங்கிலமும் நல்ல ஆங்கிலம். அமைச்சருக்கு முன்னாலும் சிரித்துப் பேசுவாள். சிரித்தால் கன்னத்தில் குழி விழும்.

மயூரநாதன் அந்த அறையில் நின்றான். ஸ்ரீவாணி கைகளை ஆட்டிக் கதைத்தாள். அவன் சிரித்தான்.

பைரவி கரைசலைக் கலக்கினாள். யன்னலைப் பார்த்தாள். கலக்கினாள். அவன் மறுபடி சிரித்தான்.

அவன் வந்தபோது மணி நாலு கடந்துவிட்டது. அவசரமாக இரண்டு பக்கம் மட்டும் பார்த்தான், கையெழுத்து வைத்தான், மிச்சத்தை விட்டுவிட்டுப் போய்விட்டான். அவள் பேனையை எடுத்தாள். நான்கு வருடம் விஞ்ஞானம் படித்த கை. அவதானித்ததை எழுதிப் பழகிய கை. அது பாட்டுக்கு எழுதியது.

3.20 – 4.05: ஸ்ரீவாணி. சிரிப்பு ஏழு தடவை.
4.07 – 4.09: நான். சிரிப்பு இல்லை.

எழுதி முடித்த பிறகுதான் பார்த்தாள். அது அந்தக் கொப்பி. பக்கம் அறுபத்துமூன்று.

கிழிக்க ஏலாது. மை பூச ஏலாது. கண்ணில் நீர் முட்டியது. இரண்டு வரிகளுக்கும் குறுக்கே ஒவ்வொரு கோடு இழுத்தாள். பக்கத்தில் பை. என்று எழுதித் திகதி போட்டாள். அடுத்த பக்கங்களில் கிடுகிடுவென்று சோதனைகளை எழுதினாள். அவன் விரைவாகப் புரட்டுவான்... கவனிக்க மாட்டான்...

அடுத்த வெள்ளி சரியாக மூன்று மணிக்கு வந்தான். வெளியே கார்த்திகை மழை. கதிரையில் இருந்து வாசித்தான். அறுபத்தொன்று. அறுபத்திரண்டு. அறுபத்துமூன்று.

உதடு அசைந்தது. நின்றது.

பைரவி குழாயைத் திறந்து, கழுவிய கண்ணாடி முகவையையே திரும்பக் கழுவினாள். மழைச் சத்தம். குழாய்ச் சத்தம். 

பேனை ஓடியது. கதிரை நகர்ந்தது. அவள் திரும்பியபோது அவன் இல்லை. குடை மட்டும் கதவில் தொங்கியது. கொப்பி திறந்தே கிடந்தது. வெட்டிய இரண்டு வரிகளுக்கும் கீழே, வழக்கமான அதே எழுத்து.

வாசித்து விளங்கிக்கொண்டேன்.

விளங்கிக்கொண்டாராம்! என்ன விளங்கியது? ஏன் ஒரு சொல்லும் சொல்லவில்லை?

அதற்கடுத்த வெள்ளி வந்தது வேறொருவர். கட்டையான, நல்ல மனமுள்ள மனிதர். அதே அலுவலகம். பெயர் கிளின்ரன்.

“தங்கச்சி, இனி உங்கட கோப்பு என்ரை. மயூரன் கையெழுத்து வைக்கமாட்டார்.”

“ஏன்?”

“அலுவலக விஷயம்.” கிளின்ரன் கூரையைப் பார்த்தார்.

“அப்ப... ஸ்ரீவாணி மிஸ்ஸின்ர கோப்பு?”

“அது அவரிட்டத்தான்.”

அப்படியா? பைரவி தலையாட்டினாள். அழக்கூடாது. யன்னலுக்கு அப்பால் அவன் குனிந்து ஸ்ரீவாணியின் கொப்பியில் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தான். அதே பேனை. அதே இரண்டு சொற்கள்.

சீ, என்ன பிள்ளை நான்... படித்த பிள்ளையா நான்... ஒரு கையெழுத்துக்கு எரிகிறேனே! ஆனால் எரிந்தது. அமிலம் கையில் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது, பிறகுதான் தெரியும். அப்படி எரிந்தது.

அதோடு முடியவில்லை. ஒரு சனிக்கிழமை, வீடு போகிற பஸ் வேலணையில் நின்றபோது பார்த்தாள். றோட்டோரக் கிணற்றடியில் இருவர். அவன் வாளியால் தண்ணீர் அள்ளினான். ஸ்ரீவாணி கருவியை உள்ளே விட்டாள். வாளி சரிந்து அவனை நனைத்தது. இருவரும் சிரித்தார்கள்.

அவன் நனைந்து சிரிப்பதை முதலில் பார்த்தது நான்.

பஸ் புறப்பட்டது. அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. “நண்டை விட்டுத் துலையன் பிள்ளை, மெலிஞ்சு போறாய்,” என்றாள் அம்மா. நண்டா காரணம்?

காப்புரிமை விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. மார்கழியில் கொழும்பிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. மீன் ஏற்றுமதி செய்கிற கம்பனி. மண்டைதீவில் மேரிசுகந்தியின் வாடியில், மீன் வைக்கிற கொட்டிலில், ஒரே வலையில் பட்ட விளைமீன் இரண்டு பெட்டிகளில் பத்து நாளாக ஐஸில் இருந்தது. ஒரு பெட்டி மீன் மட்டும் கரைசலில் முக்கியெடுத்தது. எந்தப் பெட்டி என்று பைரவிக்கு மட்டும் தெரியும். சரிவந்தால் கம்பனி மண்டைதீவிலேயே ஒரு சின்னத் தொழிற்சாலை போடும். இரண்டு வருட உழைப்பு ஆய்வுகூடத்தை விட்டு வெளியே வரும்.

அவர்கள் வருவதற்கு முதல்நாள் அவள் கிளின்ரனுக்கு எடுத்துச் சொன்னாள். “நான் வரேல்லை அண்ணை. கொப்பியைத் தாறன். எனக்குக் கதைக்கத் தெரியாது. ஸ்ரீவாணி மிஸ் வடிவாக் கதைப்பா. அவவைக் கொண்டு சொல்லுவியுங்கோ.”

“அவவுக்கு நண்டைப் பற்றி என்ன தெரியும்?”

“எல்லாம் தெரிஞ்ச ஆக்களிட்டைக் கேட்டுச் சொல்லுவா.”

கிளின்ரன் பெருமூச்சு விட்டார். மறுநாள் காலையில் மேரிசுகந்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். “பிள்ளை, பெட்டியைத் திறக்கவோ, கடலில கொட்டவோ? உன்ர பெட்டிக்கு ஐஸ் போட்டுப் போட்டு என்ர கை விறைச்சுப்போச்சு. வரமாட்டன் எண்டு இஞ்ச வந்து என்ர மூஞ்சையைப் பார்த்துச் சொல்லு.”

பைரவி போனாள்.

வாடிக்குள் கம்பனியிலிருந்து வந்த பெண் அதிகாரி ஜெயந்தா இருந்தார். நாற்பது வயது, கண்ணாடிக்குள் கூர்மையான பார்வை. அதே வாகனத்தில் கிணற்றுக் கருவியையும் பார்க்கப் போவதால் மயூரநாதனும் ஸ்ரீவாணியும் வந்திருந்தார்கள். ஒரே வாகனத்தில். பக்கத்துப் பக்கத்தில். மயூரநாதன் அவளைக் கண்டதும் எழுந்தான். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தான்.

மேரிசுகந்தி முதற் பெட்டியைத் திறந்தாள். மீனின் செவுள் பூவைப் பிரித்து மணந்தாள். முகம் சுருங்கியது.

“ஒண்டு... பூனையும் தின்னாது.”

இரண்டாவது பெட்டி. மணந்தாள். இன்னொரு தரம் மணந்தாள்.

“ரெண்டு... இண்டைக்கும் சொதி வைக்கலாம்!”

பைரவி கொப்பியைத் திறந்து காட்டினாள். கரைசலில் முக்கியெடுத்தது இரண்டாம் பெட்டி.

ஜெயந்தா மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அதென்ன பனங்கள்ளு வினாகிரி? கடையில வாங்கிறது காணாதோ?”

ஸ்ரீவாணி கன்னக்குழி விழச் சிரித்தாள். “அது வந்து மிஸ், கடை வினாகிரியில...”

“அதை நான் சொல்லுறன்.”

யார் பேசியது? பைரவிதான். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளட்டும்... இதை விடமாட்டேன். அவள் சொன்னாள். மணத்தைச் சொன்னாள். தோற்ற சோதனைகளைச் சொன்னாள். இருபது நிமிடம் சொன்னாள். குரல் ஒரு தரமும் நடுங்கவில்லை. மயூரநாதன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“எனக்குத் திருப்தி,” என்றார் ஜெயந்தா. கொப்பியைப் புரட்டினார். புருவம் சுருங்கியது. “அறுபத்துமூன்றாம் பக்கத்தோட சாட்சி மாறுது. முதல் வச்ச ஆள் ஏன் விலகினவர்?”

கிளின்ரன் தொண்டையைச் செருமினார். “அது... அலுவலக விஷயம்.”

“கண்டுபிடிப்பில தனக்கும் பங்கு எண்டு நாளைக்கு வருவாரோ? அது தெரியாமல் ஒப்பந்தம் வைக்க ஏலாது.”

 பைரவி கிளின்ரனைப் பார்த்தாள். இரண்டு வருட உழைப்பு அந்தப் பக்கத்திலா தடுக்கி விழ வேண்டும்?

“குடு கிளின்ரன்,” என்றான் மயூரநாதன் மெதுவாக. எழுந்து வெளியே போனான். மழை தூறிக்கொண்டிருந்தது.

கிளின்ரன் பையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். ஜெயந்தா பிரித்து வாசித்தார். திரும்ப வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“பங்குப் பிரச்சினை இல்லை. ஒப்பந்தம் செய்யலாம். ஆனா இதில சாட்சிக் கையெழுத்து இல்லை. நிரப்பி அனுப்புங்கோ.” தாளைப் பைரவியிடம் நீட்டினார். “உங்கட கோப்புத்தானே... நீங்களும் ஒருக்கா பாருங்கோ.”

நலன் முரண்பாட்டுப் பிரகடனம் என்று தலைப்பு. கீழே அவன் எழுத்து.

‘இக்கண்டுபிடிப்பில் எனக்கு எவ்வித பங்கும் இல்லை. ஆயினும் கண்டுபிடிப்பாளர் மீது எனக்குத் தனிப்பட்ட விருப்பம் உண்டு. எனது சாட்சியம் இனி நடுநிலையானதாக இராது. ஆகவே விலகுகிறேன். கண்டுபிடிப்பாளருக்கு இது தெரியாது.’

கொப்பி எழுதிப் பழகிய கண் முதலில் திகதியைத் தேடியது. அறுபத்துமூன்றாம் பக்கம் வாசித்த அதே வெள்ளி.

“என்னடி பிள்ளை, முகம் அவிச்ச நண்டு மாதிரிச் சிவக்குது?” என்றாள் மேரிசுகந்தி.

ஸ்ரீவாணி எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் சொன்னாள். “எனக்கு அப்பவே தெரியும். என்ர கருவியைப் பற்றிக் கதைக்க வந்தா, அவர் நண்டுக் கோதைப் பற்றித்தான் கதைப்பார். இந்த வினாகிரிக் கதையும் அவர் சொல்லித்தான் தெரியும். நாங்கள் சிரிச்சதெல்லாம் உங்கட படகுக் கதைக்கு. அழுகல் தேங்காய்க் கதைக்கு மட்டும் மூண்டு தரம். உண்மையாச் சொன்னா, எனக்கு உங்களில எரிச்சல்.”

ஏழு தடவை... பைரவிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அவள் தாளோடு வெளியே போனாள். அவன் வாடிக்குப் பின்னால், கவிழ்த்த வள்ளம் ஒன்றில் சாய்ந்து நின்றான். தலை நனைந்திருந்தது. இமையில் மழைத்துளி. படகில் பார்த்த அதே கண்கள்... இப்போது சிரிப்பில்லை.

“ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?” என்றாள்.

“உம்மட கோப்பு என்ர கையில இருந்தது. அப்ப சொன்னா, நீர் ஓம் எண்டாலும் சரியில்லை, இல்லையெண்டாலும் சரியில்லை. வேலை முடிஞ்ச பிறகு சொல்லுவம் எண்டு...”

“நான் எவ்வளவு எரிஞ்சனான் தெரியுமோ?”

“தெரியும். நேரம் போட்டெல்லோ எழுதியிருந்தீர்.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “அது வெட்டின வரி.”

“வெட்டினாலும் வாசிக்கத் தெரியோணும். அதுதானே சட்டம்.” ஒரு கணம் நிறுத்தினான். “ஒரு பிழை இருந்தது. அண்டைக்கு நாலு ஏழுக்கு நான் சிரிச்சனான். நீர் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்.”

மழை கொஞ்சம் கூடியது. அவள் தாளை வள்ளத்தின் வயிற்றில் வைத்து, நனையாமல் கையால் மறைத்துக்கொண்டாள்.

“பேனை தாங்கோ.”

தந்தான். ‘கண்டுபிடிப்பாளருக்கு இது தெரியாது’ என்ற வரிக்குக் குறுக்கே ஒரேயொரு கோடு இழுத்தாள். பக்கத்தில் பை. என்று எழுதினாள். திகதி போட்டாள்.

அவன் அந்தக் கோட்டையே பார்த்தான்.  “அப்ப... கீழ சாட்சி?”

அவள் பேனையை மூடினாள்.

“ஏலாது.”

“ஏன்?”

அவள் நிமிர்ந்தாள். முதல் தடவையாக அவன் கண்ணை நேராகப் பார்த்தாள்.

“சாட்சி வைக்கிற ஆளுக்கு அதில தனிப்பட்ட நலன் இருக்கக் கூடாது. நீங்கதானே சொன்னனீங்கள்...” குரல் மழைக்குள் தணிந்தது. “எனக்கு இருக்குது.”